நல்லதண்ணிக் கருப்பட்டிக் கடை

அப்பா,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் அட்டனிலிருந்து கித்துள் மரத்துக் கருப்பட்டி வாங்கி வந்து கொடுத்தார். சுற்றியிருந்த சருகைப் பிரித்ததும் புகையும் இனிப்பும் கலந்த அந்த வாசனை குப்பென்று எழுந்தது. பிளேன்டீயை ஆறவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது. நேரில் இருந்த காலத்தில் பேசினால் குறுக்கே விழுவீர்கள். எழுதினால் அது முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டு வேலைக்கு வந்த சிங்களத் தச்சரோடு அக்கா போய்விட்டாள் என்று தெரிந்த அன்று, நீங்கள் தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகவில்லை. லயத்து வீடுகளின் சனமெல்லாம் பார்க்க, தண்ணீர் கொட்டும் பீலியடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டீர்கள். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடிருக்கிற மகளுக்குச் செய்தீர்கள். ஈரம் சொட்டச் சொட்ட வந்து, "தல முழுகியாச்சு. இனிமே இந்த வீட்டுல அவ பேர யாரும் எடுக்கக் கூடாது" என்றீர்கள். வீட்டில் மிச்சம் இருந்ததே நீங்களும் நானும்தான். அம்மா இறந்த பிறகு என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி வளர்த்தவள் அக்கா. அவள் பெயரை நானும் எடுக்கவில்லை. எடுத்தால் உங்கள் முகம் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் நாம் நல்லதண்ணிக்குப் போனோம். சிவனொளிபாத மலை அடிவாரம், யாத்திரை சீசன். நான் தேயிலை ஸ்டோரில் இலை வாட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இளவட்டம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கால் தங்காது. மலை ஏறுவோமா என்று கேட்டேன். "சாமி மேல இருக்காரு. நான் கீழ இருந்தே கும்பிட்டுக்கிறேன். அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்" என்றீர்கள். ஆக, கடை பார்க்கத்தான் போனோம். வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்டு, ஒன்றும் வாங்காமல், எல்லாக் கடைக்காரர்களையும் கோபப்படுத்திக்கொண்டு நடந்தீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு கருப்பட்டிக் கடை. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல சீனி கலந்திருக்கு" என்றீர்கள். உள்ளே குனிந்து சருகு சுற்றிக்கொண்டிருந்த பெண், "கலப்படமெல்லாம் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். சிங்களப் பெண்களைப் போலச் இடுப்பில் சுற்றிய சீத்தைத் துணியும் ஜாக்கெட்டும் உடுத்தியிருந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. அக்கா.

நான் அவளைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் அந்தக் கருப்பட்டியைப் போட்டுவிட்டு நடந்தால் நானும் பின்னால் நடக்க வேண்டும். நடந்தால் என் அக்காவை இனி நான் பார்க்கப் போவதில்லை.

கடைக்குப் பின்னாலிருந்து அக்கா புருஷன் பலகையோடு வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், பலகையைக் கீழே போட்டார். பாதைச் சேற்றில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, கைகூப்பி, உங்கள் பாதத்தில் நெற்றி பட விழுந்தார். சிங்களவர்கள் தாய் தகப்பனைக் கும்பிடும் முறை அது. தோட்டத்துத் துரையைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி நிற்பவர்கள் நாம். குடியுரிமைச் சட்டம் வந்து, இந்த நாடு நமக்குச் சொந்தமில்லை என்றும் ஆகியிருந்தது. அந்த நாட்டுக்காரர் ஒருவர் உங்கள் காலடியில் கிடந்தார். உங்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு கையில் கருப்பட்டி வேறு.

"எந்திரிப்பா. கட்டியிருக்க சாரமெல்லாம் சேறாவுது" என்றீர்கள்.

அவர் எழவில்லை. பெரியவர்கள் தங்கள் தலையைத் தொட்டு வாழ்த்தும் வரை எழமாட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நீங்கள் சூடான சட்டியைத் தொடுவதுபோல விரல் நுனியால் அவர் தலையைத் தொட்டீர்கள். அக்கா, "அப்பா" என்று அழத் தொடங்கினாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"தம்பி, பிள்ளைக்குக் காது குத்தியாச்சான்னு கேளு."

அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். உங்களைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னாள். "இன்னும் இல்லடா."

"தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும்னு சொல்லு. மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். நாதியத்த பிள்ளையாட்டம் குத்திறக் கூடாது."

தலைமுழுகிய மகளுக்குப் பிள்ளை ஏது, அந்தப் பிள்ளைக்கு மாமன் ஏது? ஊர் பார்க்கச் செய்ததை உங்களால் இல்லையென்று சொல்ல முடியாது. அதனால் என்னை மாமன் ஆக்கினீர்கள். உங்கள் ரோஷத்துக்கும் குறைவில்லை, மகளும் கிடைத்துவிட்டாள். பலே ஆள் நீங்கள். நான் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

காதுகுத்துக்கு வந்தீர்கள். பிள்ளை வீறிட்டதும், நான் பிடித்த பிடி சரியில்லை என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. மச்சானோடு உங்களுக்கு மட்டுமே விளங்கிய ஒரு சிங்களத்தில் மணிக்கணக்காகப் பேசினீர்கள். அக்காவிடம் மட்டும் நேரே ஒரு சொல் இல்லை. "பிள்ளைக்குச் சளி, கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கச் சொல்லு" என்பீர்கள். "அவிச்சுட்டேன்னு அப்பாகிட்ட சொல்லுடா" என்பாள். நடுவில் நான் ஒரு தபால்காரன். எத்தனையோ தடவை எரிச்சல் வந்திருக்கிறது. இருவரையும் உட்காரவைத்துக் கத்த வேண்டும்போல இருக்கும். கத்தியதில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது அக்கா வந்து தங்கினாள். கடைசி நாளன்று தலைமாட்டில் அவள்தான் இருந்தாள். உங்கள் கை அவள் கைக்குள் இருந்தது. கண்ணைத் திறந்து, என்னைத் தேடிப் பிடித்து, "தம்பி, அவளச் சாப்பிடச் சொல்லு" என்றீர்கள். பிறகு பேசவில்லை.

இப்போது அக்காவுக்கும் வயதாகிவிட்டது. அவளைப் பார்க்கப் போகிற நாளில் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். சில நாள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். பிறகு, "அப்பா வேற என்னடா சொன்னாரு?" என்று கேட்பாள், ஏதோ நான் இப்போதுதான் உங்களிடமிருந்து வந்தவன் போல.

"ஒன்னயச் சாப்பிடச் சொன்னாருக்கா" என்கிறேன்.

சோற்றில் கை வைக்கிறாள்.