சல்தனத் அக்காவுக்கு வயது பதினைந்து

ஏப்ரல் 9

இது யார் கையில் சிக்கினாலும் சரி, காலைப் பிடித்துக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். படித்தே தீர வேண்டும் என்றால் படியுங்கள், ஆனால் என் அம்மாவிடம் காட்டாதீர்கள். அண்ணனிடம் காட்டவே காட்டாதீர்கள்.

அண்ணன் எல்தியார் எங்கள் சமையலறை மேசையில் ‘ஒச்சோக்’ என்று ஓர் ஆப் தொடங்கியிருக்கிறான். ஒச்சோக் என்றால் அடுப்பு. பெண்கள் பேர் சொல்லாமல் அதைச் சுற்றி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசலாம். அடுப்பு இருக்கிறது, சுற்றி ஒருத்தியும் இல்லை.

“காலிக் கடைக்குள்ள எவ வருவா? எல்லா ஆப்பும் முதல்ல இப்படித்தான். நீ ஒரு நாலு பேரா எழுது, குட்டி” என்றான்.

நாலு பேராக எழுதினேன். இப்போது நாற்பது பேர் ஆகிவிட்டோம். மாமியாரோடு பேசாத மருமகள், முடி கொட்டும் டீச்சர், அவளுக்கு வெங்காயச் சாறு பூசச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாம் நான். எனக்கு நானே பதில் சொல்லி, எனக்கு நானே நன்றி சொல்கிறேன். எல்லோரையும்விடப் பிடித்தவள் சல்தனத் அக்கா. கரகோல் ஊர், நாற்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள். எதைக் கேட்டாலும் நிதானமாகச் சொல்வாள்.

பள்ளியில் யாருக்காவது தெரிந்தால்?

ஏப்ரல் 27

நாங்கள் இல்லாத ஒருத்தி வந்தாள். நிஜமான ஒருத்தி. குழந்தைக்குப் பால் குடிக்கத் தெரியவில்லையாம். அண்ணன் நாற்காலி மேல் ஏறி ஆடினான்.

மே 14

இன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஒரு பெண் சல்தனத் அக்காவைக் கூப்பிட்டு எழுதியிருந்தாள். “பஸ் ஸ்டாப்ல நின்னவள கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டாங்க. கட்டிக்கத் தூக்கிட்டு வந்த அந்தாள ரெண்டே தடவதான் பாத்திருக்கேன். கல்யாணப் பொண்ணுன்னு தலையில வெள்ளைத் துணி கட்டிட்டாங்க. கதவு பூட்டல, ஆனா வாசப்படியில ஒரு கிழவி குறுக்க படுத்திருக்கா. தாண்டினா சாபமாம். அம்மாவுக்கு போன் பண்ணேன், திரும்பி வராதடி, மானம் போயிடும்ங்கறா. அக்கா, நீங்க சொல்லுங்க. தாண்டட்டுமா?”

எனக்குத் தோன்றியது ஒரே சொல். தாண்டு. எழுதியும்விட்டேன். அனுப்பும் முன் அழித்தேன். நாற்பத்தைந்து வயதுக்காரி அப்படிப் பேசுவாளா? கல்யாண வீடுகளில், வந்த வீட்டிலேயே கிட என்று மணப்பெண்ணிடம் பெரியம்மாக்கள் சொல்வது ஞாபகம் வந்தது. அதை எழுதினேன்: “எறிந்த கல் விழுந்த இடத்தில்தான் கனக்கும், மகளே. நாங்களும் அழுதுகொண்டுதான் வந்தோம்.”

அச்சு அசலாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதுதான் — சந்தோஷப்பட்டேன்.

மே 15

அவள் தாண்டவில்லை. “சரிக்கா” என்று மட்டும் போட்டிருக்கிறாள். அந்தப் பதிவின் கீழே பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சண்டை. பாதிப் பேர் சல்தனத்துக்கு வாழ்த்து, பாதிப் பேர் சாபம். யாரும் நான் இல்லை. எல்லோரும் நிஜம்.

ஆப்புக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை ஏறும் கோட்டை அண்ணன் திரையில் காட்டினான். “ஒரே ராத்திரியில பாரு. உன் கைய கண்ணுல ஒத்திக்கணும்.”

நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 20

அம்மாவும் ஒச்சோக் படிக்கிறாள். பஜாரில் அவள் உலர்பழம் விற்கிற இடத்தில் எல்லாப் பெண்களும் படிக்கிறார்களாம். இன்று சாப்பிடும்போது போனை நீட்டினாள். “இந்தக் கரகோல்காரி என்ன சொல்றா கேளு. வாயில வார்த்த அளந்து வருது. நீயும் இருக்கியே, வாயத் தொறந்தா வம்பு.”

அண்ணன் சிரிப்பை ரொட்டியால் அடைத்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 18

எல்லை தாண்டி அல்மாத்தி நகரத்திலிருந்து முதலீடு வந்துவிட்டது. சமையலறை காலி. அண்ணனுக்குக் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகம், பதினோரு பேர் வேலை. முதலீட்டுக்காரர்களிடம் ஆப்பைக் காட்டியபோது அந்தக் கல் பதிவைத்தான் பெரிதாகப் போட்டுக் காட்டினானாம், பெண்கள் எங்களை எவ்வளவு நம்புகிறார்கள் பாருங்கள் என்று.

இனி எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமாம். போலிக் கணக்குகளை நீக்குகிறார்கள். மருமகள் போனாள், டீச்சர் போனாள். சல்தனத் மட்டும் போகவில்லை.

“அவள எப்படித் தூக்குறது? எல்லாரும் வர்றதே அவளுக்காகத்தான்” என்றான். கரகோலில் இருக்கும் எங்கள் அத்தை என்று முதலீட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறான். எங்களுக்குக் கரகோலில் நாய்கூட இல்லை.

அக்டோபர் 30

மே மாதம் ‘தாண்டட்டுமா’ என்று கேட்ட அந்தப் பெண் சல்தனத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். பேர் புரூல். பத்தொன்பது வயது. நகரத்தில் தையல் வேலை செய்துகொண்டிருந்தவள்.

“அக்கா, நீங்க சொன்னீங்கன்னுதான் உக்காந்தேன். அம்மா சொன்னதுக்கு இல்ல. இப்ப அவன் கை நீட்டுறான். நேத்து காதுல அடிச்சான், ஒரு பக்கம் சரியாக் கேக்கல. இன்னும் இருக்கணும்னா இருக்கேன். நீங்க என்ன சொன்னாலும் சரி.”

என்ன சொன்னாலும் சரியாம். நான் ஒன்பதாம் வகுப்பு. சாயங்காலம் சாக்லேட்டுக்காக அம்மாவிடம் அழுதவள்.

அக்டோபர் 31

அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டான். கெட்டவன் இல்லை அவன். அதுதான் கஷ்டம்.

“ஆறுதலா ரெண்டு வரி போடு. அடுத்த வாரம் அல்மாத்திக்காரங்க வர்றாங்க. அது முடியட்டும், நானே ஒரு உதவி நம்பர் தேடித் தர்றேன்.”

“அடுத்த வாரம் வரைக்கும் அவ அடி வாங்கட்டுமா?”

“நீ எழுதினதுக்கு நான் என்னடி பண்றது?”

உண்மைதானே. அவன் நாலு பேராக எழுதச் சொன்னான். கல்லைப் பற்றி எழுதச் சொல்லவில்லை.

நவம்பர் 1

அனுப்பவில்லை. நாளைக்கு.

நவம்பர் 3

அனுப்பிவிட்டேன். இப்படி எழுதினேன்:

“புரூல் அக்கா, சல்தனத் என்று யாரும் இல்லை. என் பேர் செஸிம், பதினைந்து வயது. அன்றைக்குத் தாண்டு என்றுதான் முதலில் எழுதினேன். பெரியவள் மாதிரி தெரிய வேண்டும் என்று அழித்துவிட்டேன். உங்களைவிடச் சின்னவள் பேச்சைக் கேட்டு அங்கே இருக்காதீர்கள். வந்துவிடுங்கள். போக இடம் இல்லையென்றால் இங்கே வாருங்கள்.” வீட்டு முகவரி, மாடி எண், என் போன் நம்பர்.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை. காறித் துப்பியிருப்பாள். துப்பட்டும். அவள் புருஷன் கையில் அந்த போன் கிடைத்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. முன்னாடியே ஏன் தோணல எனக்கு? எப்பவும் எழுதிட்டுத்தான் யோசிக்கறேன் —

நவம்பர் 4

சல்தனத்துக்குள் போக முடியவில்லை. நான் அனுப்பியதைப் படித்துவிட்டு அண்ணன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். போனில் கத்தவில்லை, மெதுவாகத்தான் பேசினான். “பதினோரு பேர் சம்பளத்துல கை வச்சுட்ட, தெரியுதா?”

தெரியும். அவர்களை நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் நானே சொன்னேன். சல்தனத் நான்தான் என்று. நம்பவில்லை. எறிந்த கல் வரியைச் சொன்னதும் நம்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “அதுக்கு நானும் லைக் போட்டேன்டி” என்றாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள்.

நவம்பர் 6

குளிருக்கு வீடு வீடாகக் கரி எரிக்கிறார்கள், வெளியே ஒரே புகை, எதிர்க் கட்டடம் தெரியவில்லை. புரூலிடமிருந்து ஒன்றும் இல்லை. மூன்று நாளாக போனைத் தலைமாட்டில் வைத்தே படுக்கிறேன். அம்மா பக்கத்து அறையில் ஒரு மெத்தையை உதறி விரித்துப் போட்டிருக்கிறாள், யாருக்கு என்று சொல்லாமல். நானும் ஒரு தலையணை கொண்டுபோய் வைத்தேன்.

கதவைத் தட்டுகிறார்கள். புரூலின் புருஷனாக இருந்தால்? அண்ணனிடம் சாவி இருக்கிறது, அவன் தட்ட மாட்டான். அம்மா போகிறாள். “யாரது?” என்கிறாள். பெண் குரல். சல்தனத்தைக் கேட்கவில்லை. செஸிம் வீடு இதுதானா என்று, என் பேரைச் சொல்லி —