முதலில் பதிவகத்துக்கு

நாள் 211, 07:10
என் பெயர் நப்பின்னை. நிலவுக் குடியிருப்புப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. கல்மழைக் காவல் அறையில் இந்த வாரம் மாணவர் முறை என்னுடையது. இதைக் கண்டெடுப்பவருக்கு: எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன், எனக்குப் பாதகமானதையும்.

கேமரா விழும் விண்கல்லைப் பார்க்கிறது. கிராபிக்ஸ் பிராசஸர் அதன் பாதையைக் கணக்கிடுகிறது. லேசர் சுடுகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைக்கும் நேரம் முப்பது மில்லி விநாடிதான். அம்மா வெளியே சூரியத் தகடுகளை மாற்றுகிறார். மூன்று நாள் வேலை.

நாள் 211, 11:42
ஒரு கல் தப்பியது. அம்மாவின் தலைக்கு இரண்டடி தள்ளித் தகட்டைத் துளைத்தது.

அம்மா, வானொலியில்: "ஒண்ணுமில்ல, தகடுதான் போச்சு. நீ சாப்டியா?"

சாப்பிடவில்லை. நேரத்தை அளந்தேன். கணக்கிட ஐந்து மில்லி விநாடி. படம் பிராசஸரை அடைய முப்பத்து மூன்று. ஒவ்வொரு படமும் முதலில் அலுவலகப் பதிவகத்துக்குப் போகிறது. அங்குள்ள கணினி நகல் எடுத்து, எண் போட்டு, பிறகுதான் இங்கே அனுப்புகிறது. கேமராவிலிருந்து நேராக வந்தால் ஆறு போதும்.

நாள் 212, 18:05
அதிகாரி சிதம்பரநாதன் அரைமனதாக ஒரு நாள் சோதனைக்கு விட்டார். படங்கள் நேராக வந்தன. நான்கு கற்கள். நான்கும் பொடி.

நாள் 213, 13:20
சிதம்பரநாதன், வானொலியில்: "பதிவேட்ல நேத்து ஒரு கல்லுமே இல்லையே பாப்பா. வராத கல்லைச் சுட்டோம்னு மேல எப்படி எழுதுறது? பழையபடி மாத்தியாச்சு."

அப்படியானால் அம்மாவை உள்ளே கூப்பிடுங்கள் என்றேன்.

"உங்கம்மா பாதியில வந்துட்டா, காத்து மிஷினுக்கு நீ கரண்ட் குடுப்பியா?"

பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.

13:51
கல்மழை எச்சரிக்கை. ஆறு நிமிடம். அம்மா வாசலுக்கு வர இருபது ஆகும்.

பதிவகம் பதில் தராவிட்டால் படம் நேராக வந்துவிடும். கையேட்டில் எண்பதாம் பக்கம். அதை ஒருவரும் படிக்கவில்லை. பதிவகத்துக்கும் அலுவலக மாடிக்கும் ஒரே மின்தடம். அதன் விசை இந்த அறையில் இருக்கிறது.

13:59
ஒன்பது கற்கள். ஒன்பதும் பொடி. நகல் கிடையாது. நான் எண்ணினேன்.

சிதம்பரநாதன், வானொலியில்: "யாருய்யா அது? இங்க கதவே திறக்கல."

அம்மா, வெளியிலிருந்து: "பின்னை, மேல்மாடி ஏன்டி கறுப்பா இருக்கு?"

அடுத்த அலை 14:10. விசையிலிருந்து கையை எடுக்க மாட்டேன். இடது கையால் எழுதுகிறேன். யாரோ இந்த அறைக் கதவை இடிக்கிறார்கள்.

விட்டுப்போனது: 13:56, அலுவலக மாடி விளக்குகள் அணைக்கப்பட்டன. அணைத்தது நான்.