அப்பாவின் மெழுகு வில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். குழந்தை தூங்கி, அப்பாவும் இருமி ஓய்ந்த பிறகுதான் கை ஒழிந்தது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் 'அக்கா' என்றதுமே அழுதுவிடுவேன், மீதியை நீதான் ஊகிக்க வேண்டியிருக்கும். தவிர, இந்தக் கவரில் ஒரு தாளும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்குக் காதோரம் வந்ததே, அதுவே இப்போது நுரையீரலுக்கும் போயிருக்குமோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

நீ இந்த வரியை மறுபடி படிப்பாய். நானும் டாக்டரம்மாவை மறுபடி சொல்லச் சொன்னேன். பேசல் செல் என்றார்களே, தோலில் வரும் புற்றுநோயிலேயே சாது, இருந்த இடத்தை விட்டு நகராது என்று உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தபோது சொன்னார்களே. அதை அப்பா காரோட்டக் கற்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லிச் சிரித்தார். "டிரைவிங் வாத்தியாருக்கு வந்த வியாதியப் பாருங்க, பார்க்கிங்க விட்டு அசையாதாம்."

அதே இடத்தில் அது திரும்ப முளைத்தபோது நீ போய்க் காட்டச் சொன்னாய், அவர் முடியை நீள விட்டுக் காதை மூடிக்கொண்டார். "காட்டிட்டு அப்புறம் எங்கிட்டப் பேசுங்க" என்று நீ போனை வைத்தாய். அதன்பின் நீங்கள் இருவரும் வைத்துக்கொண்டிருக்கும் மௌனத்துக்கு நடுவில் நான்தான் தபால்காரி மாதிரி அலைந்துகொண்டிருந்தேன். முடிக்கு அடியில் அது இவ்வளவு பெரிதாகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இருமலை ஏசி காற்று என்றார். கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம் வந்தது, பல்வலி என்றார். குழந்தைதான் ஒரு நாள் அவர் நெஞ்சில் காதை வைத்துவிட்டு வந்து, "தாத்தாவுக்குள்ள பூனைக்குட்டி இருக்கும்மா" என்றாள். நான் சிரிக்கவில்லை. மறுநாளே என் வீட்டுக்காரரை லீவு போடச் சொல்லி ஸ்கேனுக்கு அழைத்துப் போனோம்.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பேசினார். "இது பரவுறது ரொம்ப அபூர்வம்மா. நான் படிச்சிருக்கேன், பார்த்ததில்ல." அவர் குரல் அப்படி மெதுவாக இருந்திருக்க வேண்டாம். மற்ற நோயாளிகளிடம் அவர் அதட்டுவதைக் கேட்டுக்கொண்டுதான் வெளியே உட்கார்ந்திருந்தோம், எங்களையும் அதட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டில் எனக்கு எதைத் தொட்டாலும் பயம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதுகில் உள்ள மச்சங்களை ஈரக் கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன். "கூசுதும்மா" என்று ஓடுகிறாள். அப்பா இரும ஆரம்பித்தால் நிற்கும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். "என்னம்மா, நைட் டெஸ்டா?" என்கிறார் இருட்டிலிருந்து.

இப்போது அந்தத் தாள். நுரையீரலிலிருந்து ஊசி வழியாக எடுத்த சதை லேபுக்குப் போயிருக்கிறது. அது காதிலிருந்து போனதா, புதிதாக வந்த வேறொன்றா என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியுமாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட, அன்று காதில் வெட்டி எடுத்தது வேண்டும். அதை ஒரு சின்ன மெழுகு வில்லைக்குள் பதித்து உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே பத்திரமாக வைத்திருப்பார்களாம். பழையவற்றை அவ்வப்போது அழித்துவிடுவதும் உண்டு என்கிறார்கள், அதனால் தாமதிக்காதே. வாங்கிக்கொள்ள அப்பா கையெழுத்துப் போட்ட இந்த ஒப்புதல் தாள் வேண்டும், நகல் செல்லாது.

இதில் கையெழுத்து வாங்கத்தான் பயந்தேன். முதல் நாளே சொல்லிவிட்டார், "பெரியவளுக்குத் தெரியக் கூடாது. சொன்னேன் பாத்தீங்களான்னு கேட்பா." தாளை நீட்டியதும் அதில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைப் பார்த்தார். யார் போய் வாங்குவார்கள் என்று கேட்டார். கூரியர்காரர் என்று பொய் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

பிறகு சாப்பாட்டுத் தட்டோடு போனபோது கையெழுத்து இருந்தது. "என் சதைய எவனோ ஒருத்தன் பையில தூக்கிட்டுத் திரிய வேணாம். பெரியவளையே போகச் சொல்லு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "திட்டறதா இருந்தா நேர்ல வந்து திட்டட்டும். எனக்கு இப்பல்லாம் போன்ல சரியாக் கேக்கறதில்ல" என்றார். காது நன்றாகத்தான் கேட்கிறது, அக்கா.

பெட்டியில் வைத்து அனுப்பினாலும் போதும் என்று லேபில் சொன்னார்கள். அதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அனுப்பாதே. நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. வெயில் படாமல் கொண்டுவர வேண்டுமாம்.

தாள் கிடைத்ததா, எப்போது கிளம்புகிறாய் என்று உடனே பதில் போடு.

உன் தங்கை