ஆளுக்கொரு மாத்திரை

பழவேற்காடு
18 செப்டம்பர் 2024

தம்பி ரஞ்சித்துக்கு,

அக்கா இளவரசி எழுதுவது. இங்கே நைனா, நான், பிள்ளைகள் எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா"னு வைத்துவிடுகிறாய். பக்கத்தில் படகு ஆட்கள் இருக்கிறார்களாம், உன் இதய ஆபரேஷன் பேச்சே எடுக்கக் கூடாதாம். அதனால்தான் லீவு முடிந்து மங்களூருக்குத் திரும்பும் நம்ம ஊர் தேவதாஸ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து முழுசாகப் படி.

ஏன்டா, உனக்கு அறிவிருக்கிறதா? பல்லைப் பிடுங்கும் முன்னால் போட்டுக்கொள்ள நான்கு மாத்திரை அனுப்பினால், படகில் மீனைப் பங்கு போடுவது போல ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாய். கேட்டால், "இன்னாக்கா, அவனுங்களுக்கும் பல்லு வலி, ஜுரம். நான் மட்டும் நாலையும் முழுங்குனா இன்னா நினைப்பானுங்க?"னு சிரிக்கிறாய். வலையில் வந்ததைப் பங்கு போடு, சோற்றைப் பங்கு போடு, யார் வேண்டாம் என்றது? மருந்தைப் பங்கு போடாதே. நல்லவேளை, அன்றைக்கு அங்கே பல் டாக்டர் ஊரில் இல்லை. இருந்திருந்தால் ஒற்றை மாத்திரையோடு போய் உட்கார்ந்திருப்பாய்.

போன வாரம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பொன்னேரிக்குப் போய் ரயில் பிடித்து, உன் இதய டாக்டரிடம் மறுபடி மருந்துச் சீட்டு வாங்கி வந்தேன். சீட்டும் புதுசாக வாங்கிய நான்கு மாத்திரையும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. நீ செய்த காரியத்துக்குத் திட்டு வாங்கியது நான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பல்லைப் பிடுங்கும்போது வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்குமாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அது தானாகப் போய்விடும். உனக்கு வைத்திருக்கும் செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் நான்கையும் சேர்த்து, பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் விழுங்கு. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரையை நீயாக நிறுத்தாதே. பல் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இந்தச் சீட்டையும் காட்டு.

ஆபரேஷன் விஷயம் வெளியே தெரிந்தால் படகில் ஏற்ற மாட்டார்கள் என்று பயப்படுகிறாய், தெரியும். வெயிலில்கூடச் சட்டையைக் கழற்றாமல் நெஞ்சுத் தழும்பை மறைக்கிறாயாம், தேவதாஸ் அண்ணன் சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கூட இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களே அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே.

இங்கே முகத்துவாரம் மறுபடி தூர்ந்து கிடக்கிறது, ஏரியில் இறால் இல்லை. அதற்காக ஊருக்கு வந்து என்ன செய்வது என்று கேட்காதே. வேலை போனால் போகட்டும், வந்துவிடு. எங்களுக்குக் கிடைக்கும் சோறு உனக்கும் கிடைக்கும்.

நைனாவிடம் இது எதையும் சொல்லவில்லை. ஆபரேஷன் அன்றைக்கு, எது நடந்தாலும் சம்மதம் என்று எழுதிய காகிதத்தை நர்ஸ் நீட்டினதும், அவர் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார். உன்னை அதற்குள் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், உனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டது நான். ஐந்து மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லையம்மன் உனக்குத் துணை இருப்பாள். ஆனால் மாத்திரையை நீதான் விழுங்க வேண்டும். இன்னொரு முறை அந்தக் காகிதத்தில் என்னைக் கையெழுத்துப் போட வைக்காதே, தம்பி.

உன் அக்கா,
இளவரசி