உம்முடைய போனை நான் எடுத்த நாள்

இன்று மகள் பள்ளிக்கூட வேலைக்கென்று களிமண் பொதி ஒன்றை வாங்கிவந்து குசினி மேசையில் பிரித்தாள். ஈர மண்ணின் வாசனை வந்ததும் என் கண் போனைத் தேடியது. மற்றவர்களுக்கு அந்த வாசனை மழையை நினைவூட்டுமாம். எனக்கு நினைவுக்கு வருவது வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த வருடத்துச் சனிக்கிழமைக் காலைகள்தான்.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் எட்மண்டனில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் ஆறேழு பேர் கூடிய சின்ன மட்பாண்ட வகுப்பு அது. சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, விரலால் இழைத்துப் பாத்திரம் செய்யவேண்டும். எனக்கு நித்திரை வருவதில்லை என்று டொக்டர்தான் அங்கே அனுப்பினார். அங்கேதான் உம்மைக் கண்டேன். நீர் ஏன் வந்தீர் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. உம்முடைய தங்கை இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். என் தம்பியும் அங்கேதான். இருவரைப் பற்றியும் மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை.

வகுப்பில் போனை அணைத்துவைப்பது விதி. நீர் ஆசிரியையிடம் போய் ஏதோ சொன்னீர். அந்த வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் இருவரின் போன்களை மட்டும் மேசை நடுவில் வைக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் மண்ணைப் பார்த்ததைவிடப் போனைப் பார்த்ததுதான் கூட. அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

ஒரு சனிக்கிழமை நீர் உயரமான ஜாடி ஒன்றைச் செய்துகொண்டிருந்தீர். மண் இளகிப்போனதால் உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகச் சுவரைத் தாங்கிக்கொண்டு நின்றீர். அப்போதுதான் உம்முடைய போன் அடித்தது. திரையில் இலக்கம் இல்லை. நீர் ஜாடியிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னீர்.

"நீர் எடும். என்னாலை ஏலாது."

எடுத்தேன். இரைச்சலுக்குள்ளே ஒரு குரல் "அக்கா" என்றது. நான் அக்காவின் சிநேகிதி என்றேன். உம்முடைய தங்கைதான். அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனை இரவல் வாங்கிப் பேசினாள். தானும் சின்னவளும் வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள்.

"பெரியவன் இல்லை. அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ. எனக்கு வாய் வரேல்லை."

நீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர். அப்படி நான் என்றைக்கும் பயந்ததில்லை. தங்கை இருக்கிறாள், சின்னவளும் இருக்கிறாள் என்றேன். "பெரியவன்?" என்றீர். என்னால் தலையை மட்டுந்தான் அசைக்க முடிந்தது. போனை உம்முடைய காதில் பிடித்தேன். நீர் அழவில்லை. அக்கா இருக்கிறேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னீர். தொடர்பு அறுந்த பிறகுதான் கைகளை எடுத்தீர். ஜாடி மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தது.

அடுத்த சனிக்கிழமை நீர் வரமாட்டீர் என்று நினைத்தேன். வந்தீர். என் போனை உம்முடைய பக்கம் இழுத்து வைத்தீர்.

"உமக்கு அடிச்சால் நான் எடுப்பன். நீர் வேலையைப் பாரும்."

அன்று நீர் மண்ணைத் தொடவேயில்லை. வகுப்பு முடியும்வரை கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு இருந்தீர்.

என் போன் அடிக்கவில்லை. போர் முடிந்தது, முகாம்களைத் திறந்து ஆட்களை வெளியே விட்டார்கள், தம்பியைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் வரவில்லை. வகுப்பு நின்ற பிறகும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து இருப்பீர். தம்பியைத் தேடுவதை இனி விட்டுவிடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள், நீர் சொன்னதில்லை. புற்றுநோய் உம்மைக் கட்டிலில் போட்டபோதும், பார்க்க வந்த என்னிடம் முதலில் கேட்டது ஏதாவது தகவல் வந்ததா என்றுதான்.

போன கிழமை பஸ்ஸில் போகும்போது, இலக்கம் தெரியாத அழைப்பு ஒன்று வந்தது. நான் நடுங்கியதைக் கண்டு பக்கத்தில் இருந்தவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். எடுத்தால் ஏதோ விளம்பரம். நீர் போனபின் எனக்காக எடுக்க ஒருவரும் இல்லை. பயந்து பயந்துதான் எடுக்கிறேன். ஆனால் ஒன்றையும் எடுக்காமல் விட்டதில்லை.