புறவாசலில் நான் எழுப்பிய புற்று

சங்கரன்கோவில்
ஆடி 29

அன்பு மகள் காவியாவுக்கு, அப்பா கோமதிநாயகம் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். இங்கே அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், அந்த வார்த்தையை நானே கெடுத்து வைத்திருப்பதால் முக்கால் சுகம் என்று வைத்துக்கொள், மீதிக் காலும் வந்துகொண்டிருக்கிறது, பயப்படாதே. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் என்றால் ஏதாவது கேலி பேசி உன்னைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்புக்குள்ளேயே நழுவிவிடுவேன், அது உனக்கும் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ கேட்டாய், நம் வீட்டுப் புற்றுமண் கொஞ்சம் பார்சலில் வையுங்கள், பேரனுக்கு முழங்கை மடிப்பில் தடிப்பாக இருக்கிறது, பூசிப் பார்க்கிறேன் என்று. அம்மா அப்போதே பொட்டலம் கட்டியும் வைத்துவிட்டாள். அந்தப் பொட்டலம் வராது மக்கா. ஏன் வராது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாம் ஏன் வீட்டை விற்கப் புறப்பட்டோம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், இங்கே மெஷின் காலியில்லை, திருநெல்வேலிக்குப் போக வர பஸ்ஸிலேயே நாலு மணி நேரம் போகிறது. ரத்தம் சுத்தமாகி வருகிறவள் பஸ் குலுக்கலில் கசங்கி வருகிறாள். இந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிப் பக்கமாக, படி ஏறாத சின்ன வீடு ஒன்று பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். வீட்டை விற்பது பெண்ணைக் கட்டிக் கொடுப்பதை விடப் பெரிய பாடு. உனக்குப் பூ வைத்து அனுப்பினோம், இதற்குப் பூசி மெழுகி அனுப்ப வேண்டியிருக்கிறது. சுவர் விரிசலுக்கெல்லாம் சிமெண்ட் பூசி, நாலு பக்கமும் வெள்ளையடித்து, குழாய் மாற்றி, வில்லங்கச் சான்றுக்கு எழுதிப் போட்டு, ஒரு மாசம் அதே வேலை. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் முகம்மது அப்சல் வந்து பார்த்துப் பிடித்துப்போய், ஆவணி பிறந்ததும் பத்திரம் என்று பேசி முடித்தார். அவருடைய மகளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, புறவாசலில் இன்னும் ஒரு அறை கட்டிக் குடிவைக்கப் போகிறேன் என்றார். தங்கமான மனுஷன். அந்தத் தங்கத்தைத்தான் நான் தகரமாக்கப் பார்த்தேன்.

கோயிலில் ஆடித்தபசுக் கொடியேற்றத்தன்று நடந்தது இது. வீட்டுப் பத்திர வேலையாக நான் நின்றுகொண்டதால் பக்கத்து வீட்டு சாஜிதா பானு அம்மாவுக்குத் துணையாகத் திருநெல்வேலி போனாள். வீட்டில் நான் மட்டும். பதினோரு மணிக்குப் புரோக்கர் துரைப்பாண்டி வருவதாக இருந்தது. அவனை உனக்குத் தெரியும், ஒரு மனையில கால வச்சாப் போதும் சார்வாள், அடியில என்ன இருக்கு, மேல என்ன வரும்னு என் உள்ளங்காலே சொல்லிரும் என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். அந்த உள்ளங்காலைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது. வெள்ளையடித்த பெயிண்ட் டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது, விரிசலுக்குப் பூசிய சிமெண்டும் சுண்ணாம்பும் மிச்சம். டப்பாவைக் கவிழ்த்து, கோழிவலையைச் சுற்றி, சிமெண்டும் சுண்ணாம்பும் செம்மண்ணுமாகக் குழைத்து அப்பி, விளக்குமாற்றுக் கம்பால் துளை போட்டு, வேப்பமரத்தடியில் ஒரு புற்று எழுப்பினேன். முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் கை, சொல்ல வேண்டுமா. கரையானே வந்து வாடகைக்குக் கேட்கும் போல இருந்தது. அவன் திடுக்கிட்டதும் டப்பாவை ஒரு உதை உதைத்து, இரண்டு பேருமாகச் சிரித்துவிட்டு டீ குடிக்கலாம் என்பதுதான் என் திட்டம்.

துரைப்பாண்டி திடுக்கிடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது கண்ணில் தண்ணீர். மூணு வருசமா மவ கல்யாணம் தட்டித் தட்டிப் போகுது சார்வாள், கொடியேறுன அன்னைக்கே ஆத்தா எனக்குக் காட்டிட்டா பாத்தீயளா என்றான். அழுகிறவன் முன்னால் டப்பாவை எப்படி உதைப்பது? நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் போனில் படம் எடுத்து, தெரு குரூப், ஊர் குரூப், நீ படம் பார்த்த அந்தக் குரூப் எல்லாவற்றிலும் போட்டுவிட்டான். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் எட்டுப் பெண்கள் பால் செம்போடு வந்துவிட்டார்கள். அரச்ச மஞ்ச இருக்கா அண்ணாச்சி என்று கேட்டார்கள், நானே எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் அம்மா வந்தாள். புற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இது ஒங்க வேலையா என்று கேட்டாள். என்னோடு குடித்தனம் நடத்தியவள் கேட்காமல் இருப்பாளா? எனக்கு என்னட்டி தெரியும், காலையில பாத்தேன் இருந்துச்சு என்றேன். காவியா, புற்றைக் கட்டியது விளையாட்டு. இந்த ஒரு வரியை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்றுதான் எழுந்தேன், ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டம் கூடுதலாக நின்றது. தெருப் பையன்கள் நீர்மோர்ப் பந்தலை நம் வாசலுக்கே மாற்றிவிட்டார்கள். இட உபயம் கோமதிநாயகம் ஐயா என்று என் போட்டோவோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். வருஷா வருஷம் கோலப்போட்டிக்கு நான்தானே நடுவர், இந்த வருஷம் முதல் பரிசு வாங்கிய கோலமே நம் வீட்டுப் புற்றும் அதன்மேல் அஞ்சு தலை நாகமும். பரிசுத் தட்டை நானே கொடுத்துக் கைதட்டினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன், செய்த சிலையை ஊரே கும்பிட்டால் எந்த டிராயிங் மாஸ்டருக்குத்தான் தலை கனக்காது. ஆனால் காலையில் அம்மாவைப் பார்க்கத்தான் முடியவில்லை. கொடியேறினால் கோயில் பிரகாரத்தில் நூற்றெட்டு ஆடிச்சுற்று சுற்றுகிறவள் அவள், இந்த வருஷம் கால் வீக்கத்தில் கோயில் வரைக்கும் போக முடியவில்லை. போக முடியாத எனக்காக வீட்டுக்கே வந்துட்டா என்று சொல்லி, தினமும் குளித்துவிட்டு, வேப்பமரத்தைப் பிடித்துப் பிடித்து, என் பெயிண்ட் டப்பாவைப் பதினோரு சுற்றுச் சுற்றினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பேப்பர் படித்தேன். ஒரு எழுத்தும் ஓடவில்லை.

ஆறாம் நாள் அப்சல் வந்தார். கும்பலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று பேசினார். சார், அங்கன ரூம் கட்டணும்னா நான் கடப்பாரை போடணும், ஊரே கும்பிடுத இடத்துல நான் எப்படிப் போட? வேண்டாம் சார், சாமிக்கும் மரியாதை, நமக்குள்ளயும் மனஸ்தாபம் வேண்டாம் என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன், அவள் வருத்தப்படவே இல்லை. ஆத்தா வந்து உக்காந்துட்டா, நாம எங்க போக, பஸ்ஸுலயே போய்க்கிடுவோம் என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். இடது கையில் போட்ட ரத்தக்குழாய் அடைத்துப் போனதால் வலது கையில்தானே இப்போது ஊசி குத்துகிறார்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும், அம்மாவுக்கும் அது உண்டு. ஹெப்சி என்று ஒரு சிஸ்டர், சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்ததும் சத்தம் போட்டுவிட்டார். யம்மா, என்னத்தம்மா தேச்சிய, வெந்த மாதிரி இருக்கு, ஊசி போடுத கைன்னு தெரியாதா என்றார். எங்க வீட்டுப் புத்துமண்ணு தாயி, அரிப்புக்குக் கொஞ்சம் குழைச்சுப் போட்டேன், அது ஒண்ணும் செய்யாது என்று அம்மா சிரித்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து சிவந்திருந்தது. சிமெண்டும் சுண்ணாம்பும். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்தக் கையில் குத்த முடியாமல் கழுத்தில் குழாய் வைத்துச் செய்தார்கள். வலித்ததா என்று கேட்டேன், அந்த மண்ணப் போடாட்டா இன்னும் வலிச்சிருக்கும் என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் மானூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். டப்பா, வலை, சிமெண்ட், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், எங்கேயும் சிரிப்பு மூட்டவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பனவடலிச்சத்திரம் வந்தது. அப்புறம் திரும்பாமலே சொன்னாள், எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுத் தப்பிச்சிரலாம்னு பாக்காதீய, தெருவுல எல்லாரும் இருக்கும்போது சொல்லணும், மைக்குல சொல்லணும் என்று.

சொன்னேன். மறுநாள் தபசு, அம்மன் ஒற்றைக் காலில் நிற்கிற நாள். புற்றுக்கு மேலே தகரக் கொட்டகை போடுவதற்குத் தெருவே கூடியிருந்தது. நீர்மோர்ப் பந்தல் மைக்கை வாங்கி, இது சாமி இல்லை, நான் செய்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரு ஆரம்பிச்சுட்டாருலே என்று ஒரு பையன் விசிலடித்தான். இரண்டாம் தடவை சொன்னேன், சிரிப்பு நின்றது. ரைஸ்மில்லில் வேலை பார்க்கும் இசக்கிராஜா, வீடு விக்கணும்னா விய்யும் வே, அதுக்காக ஆத்தாளையே பொய்யாக்குதீரே, வாய் அழுகிரும் என்றான். நான் கடப்பாரையை எடுத்தேன், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லி நம்ப வைக்க வேண்டிய நிலைமை இந்த வயதில்தான் எனக்கு முதல் தடவையாக வருகிறது. அப்போது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கைக்கட்டை அவிழ்த்து, புண்ணைக் காட்டினாள். இது அந்த மண்ணு செஞ்சது, அவரை விடுங்க என்றாள். புற்றில் சுற்றியிருந்த மஞ்சள் துணியை அவளே இடது கையால் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். மூன்றாவது குத்தில் பெயிண்ட் டப்பா வெளியே வந்தது, விலைச் சீட்டோடு.

யாரும் திட்டவில்லை மக்கா. நான் எதிர்பார்த்தது திட்டு. ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் செம்பை எடுத்துக்கொண்டு போனார்கள். பையன்கள் ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினார்கள். துரைப்பாண்டி மட்டும் கடைசிவரை நின்றான். நான் செருப்பக் கழத்திட்டுக் கும்பிட்டேன் சார்வாள் என்றான். அவன் போய் வெகுநேரம் கழித்துத்தான் என்னால் குனிந்து அந்தச் சில்லுகளைப் பொறுக்க முடிந்தது.

அடுத்த நாளே புளியங்குடிக்குப் போய் அப்சலிடமும் சொன்னேன். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவில் நிற்க வைத்தே கேட்டார், உட்காரச் சொல்லவில்லை, சரிதான். கடைசியில் சொன்னார், வீடு எனக்கு இப்பவும் பிடிச்சிருக்கு சார், ஆனா ஒங்க வார்த்தைய மட்டும் வச்சு நான் வாங்க முடியாது, அங்கன பால் ஊத்துன ஒவ்வொரு வீட்டுலயும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க என்று. நியாயம். பத்து நாளாகத் தாளும் பேனாவுமாக வீடு வீடாகப் போகிறேன். ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சில பேர் கதவைப் பாதி திறந்து கேட்கிறார்கள். இசக்கிராஜா மூன்று நாள் அலைய விட்டுத்தான் போட்டான். துரைப்பாண்டி வாங்கிப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தான், அதுதான் எல்லாவற்றிலும் கனமாக இருந்தது. இருபத்தாறு வீடு முடிந்தது. இன்னும் ஒரே ஒரு கையெழுத்து.

நீ வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. பேரன் தடிப்புக்கு அங்கேயே தோல் டாக்டரைப் பார், யார் எந்த மண்ணைக் கொடுத்தாலும் பூசாதே, துரைப்பாண்டி அனுப்பிய படத்தை அழித்துவிடு, மாப்பிள்ளை வீட்டாருக்கு அதை அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டிவிடு, மறைக்க வேண்டாம். அம்மாவிடம் பேசும்போது அப்பாவை மன்னித்துவிடுங்கள் என்று எனக்காகச் சொல்லாதே, அதை நான்தான் கேட்க வேண்டும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், பொய் புரட்டு இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

அந்த மிச்சக் கையெழுத்து யாருடையது என்று கேட்பாய். அங்கே பால் ஊற்றியதில் அம்மாவும் உண்டுதானே. நேற்றுத் தாளை நீட்டினேன். வலது கையில் கட்டு, விரல் வரை வீக்கம், பேனா பிடிக்க முடியவில்லை. இடது கைப் பெருவிரலை வைத்துவிடேன் என்று மைப்பெட்டியைத் திறந்தேன். ரேகை வைக்க நான் படிக்காதவளா, என் கை ஆறட்டும், ஆறுனதும் நானே எழுதித் தாரேன், அதுவரைக்கும் தாளைக் கையில வச்சுக்கிட்டு நில்லுங்க என்றாள். தினமும் காலையில் கட்டுப் பிரித்து மருந்து போடுவது இப்போது நான்தான். இன்று காலை இரண்டு விரல் மடங்கியது.

நின்றுகொண்டிருக்கும் அப்பா,
மா. கோமதிநாயகம்