பத்து நிமிடத் தீ

இதெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னவன் நான்தான், மாப்ளே. விறகு போய் கேஸ் வரும், கேஸ் விலை சதுரகிரி மலை ஏறும் என்று பஜாரில் நின்று சொன்னேன். எட்டாவதைப் பாதியில் விட்டவன் பேச்சை எவன் கேட்டான்? பொறவு கலெக்டரே ஆள் அனுப்பி என்னிடம் யோசனை கேட்டார். சரி, ஆள் வரவில்லை, அனுப்ப நினைத்திருப்பார்.

இன்று காலையும் விலை ஏறிவிட்டது என்று சொல்லித்தான் சிலிண்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். அடுப்பைப் பற்றவைத்தேன். பால் சுண்டும் வாசனை வந்ததும் சட்டிக்கு அந்தப் பக்கம் நீ வந்து நின்றுவிட்டாய். பால் கிண்டும் துடுப்பு சட்டி அடியைச் சுரண்டும் சத்தம் கேட்கிறது. துடுப்போ என் கையில் சும்மா இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நம்மைப்போல் பால்கோவா கிண்ட ஆள் கிடையாது. நான் மேற்பார்வை, நீ கை. கோவா சட்டியை விட்டுக் கழன்ற பிறகும் பத்து நிமிடம் சிறுதீயில் வைப்பாய். "அந்தப் பத்து நிமிசத்துலதாம்லே ஈரம் சாகும்" என்பாய். எனக்கோ கேஸ் வீணாக எரிய எரிய என் சட்டைப்பையே எரிகிற மாதிரி இருக்கும்.

ராஜபாளையம் கல்யாணத்துக்குப் போன கோவா பந்தியில் புளித்துப்போனது. பெண் வீட்டார் டப்பாக்களோடு வந்து கடை வாசலில் நின்றார்கள். தீயைச் சீக்கிரம் அணைத்ததால் ஈரம் நின்ற கோவா. மாப்ளதான் அடுப்பைப் பார்த்தான், அவசரத்தில் அணைத்துவிட்டான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நீ என்னைச் செத்த நேரம் பார்த்தாய். பொறவு அவர்களிடம், "என் கைப்பிசகுதான்" என்றாய். துடுப்பைக் கழுவிச் சுவரில் சாய்த்தாய். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. அடுத்த மாசியைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டாய்.

இப்போது கடையில் என்னோடு நிற்பது உன் பொஞ்சாதி, என் தங்கச்சி. கோவா கழன்றதும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள்: "அவிய மாதிரி அவசரப்பட்டு அணைச்சிராதீக, அண்ணே." நான் தலையை ஆட்டுகிறேன். நீ அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

நான் விட்ட கதைகளில் பாதி எனக்கே மறந்துபோச்சு. இது ஒன்றுதான் போகமாட்டேன் என்கிறது. அன்று நீ பால் எடுக்கப் போயிருந்தாய், மாப்ளே. நீ வருவதற்குள் டப்பாவில் அடைத்து வண்டியும் ஏற்றிவிட்டேன். அடுப்பில் நீ நின்றதாகச் சொன்னது நான் கட்டின கதை. அடுப்புக் குமிழைத் திருகி அணைத்தது என் கை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று பத்து நிமிடம் தாண்டி இருபது ஆகிவிட்டது. கோவா இறுகுது, போதும்ணே என்கிறாள். குமிழ் பக்கம் கை போகமாட்டேன் என்கிறது.